மை வைத்த சக்கரம்

என் மாமனாரும் என் வீட்டுக்காரரும் ஒரே பானையில் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டு, வருஷக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். சண்டை போட்டால்கூடத் தேவலை. அதுவும் கிடையாது. எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போகும், என் வழியாகத்தான் வரும். முற்றத்தில் இவர் நிற்பார், நாலு முழம் தள்ளி அவர் உட்கார்ந்திருப்பார். "ஒங்க மாமாவச் சாப்பிட வரச் சொல்லு புள்ள" என்பார் இவர். அது அவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். ஆனாலும் நான் அடுப்படியிலிருந்து வந்து, "மாமா, சாப்பிட வருவீங்களாம்" என்று சொன்னால்தான் அசைவார். "செத்த நேரம் போகட்டும்னு சொல்லு ஆத்தா" என்று பதில் வரும். அதையும் நான் இவரிடம் ஒப்பிக்க வேண்டும். தந்தி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவனுக்காவது சம்பளம் உண்டு.

முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. கடைசியில் பயம் பிடித்துக்கொண்டது. மனுஷருக்கு வயசாகிறது, இப்படியே ஒருநாள் கண்ணை மூடிவிட்டால் என் வீட்டுக்காரர் அதைத் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இந்த ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். கோயிலுக்குப் போனால் நான் கேட்டது அது ஒன்றைத்தான். வேறு எதுவும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் அரிமளத்துக்குப் பக்கத்தில். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் கழித்து நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் இருந்தது ரெண்டு ஆம்பளைகளும் ஒரு ஜோடிக் காளையும்தான். மாமா மீசை முளைத்ததிலிருந்து வண்டிக்காரர். ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரையில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வந்து புதுக்கோட்டைக் கடைகளில் இறக்குவார். போனால் திரும்பி வர நாளாகும். இவருக்கு வண்டியும் பிடிக்காது, மாடும் பிடிக்காது. காரைக்குடியில் ஒரு லாரியில் கிளீனராக இருந்து, வேலை பழகி, லைசென்சும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். "மாடு நாள் கணக்குல இழுக்குறத நான் மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருவேன்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். அப்பாவிடம் போய்ச் சொல்வதற்கு மட்டும் வாய் வராது.

நான் வந்த மறு வருஷம், பங்குனியில், மாமா நார்த்தாமலைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். அவர் அங்கே இருக்கும்போது இவர் காளைகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டார். என் கழுத்திலும் காதிலும் கிடந்ததையும் சேர்த்து, யுத்தத்தில் ஓடி ஓய்ந்த ஒரு மிலிட்டரி லாரியை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். "மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வந்தொடன சொல்லிக்கிறேன்" என்றார். மாமா வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் திருவிழாக் கடையில் மாடுகளுக்கு வாங்கிய புதுக் கழுத்துக்கயிறு. கொட்டிலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கயிற்றைக் கொட்டில் முளையில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். அன்றோடு மகனிடம் பேச்சு நின்றது.

மாடு போனாலும் வண்டியை விற்க மாமா விடவில்லை. அது கொட்டிலிலேயே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். மாமா அமாவாசைக்கு அமாவாசை வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, வண்டி மை செய்வார். அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றி, அச்சைத் துடைத்து, விரலால் வழித்து வழித்துப் பூசுவார். கொட்டில் முழுக்க விளக்கெண்ணெய் நாற்றம் அடிக்கும். அவர் கை ரேகையெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், எந்தச் சீயக்காய்க்கும் போகாது.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு மாமா மை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஓடுதோ ஓடலையோ, சக்கரத்தக் கழட்டினா மை வைக்காம மாட்டப்பிடாது ஆத்தா. வறட்டுச் சக்கரம் வண்டிக்காரன் வீட்டுக்கு ஆகாது. அச்சு எரிஞ்சு ஆளு நடுரோட்டுல நிக்கணும்" என்றார். அது அவருக்கு வெறும் வேலை இல்லை. வெளியூர் கிளம்புகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கொடுத்துவிடுகிற மாதிரி ஒரு காரியம். பிள்ளை வெறும் வயிற்றோடு போகக் கூடாது, சக்கரம் வறட்டாகப் போகக் கூடாது.

லாரியை மட்டும் அவர் தொட்டதே இல்லை. கொட்டிலிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் லாரியைச் சுற்றிக்கொண்டு வேலியோரமாகத்தான் போவார். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தாலும் அந்தத் தண்ணீரில் மிதித்துக்கொண்டு போவாரே தவிர, லாரி மேல் அவர் வேஷ்டி படாது. நல்ல பிடிவாதம். அப்பனுக்குக் கொஞ்சமும் குறையாத பிடிவாதம் மகனுக்கும்.

ஒரு ஆடி மாசம். திருமயம் சாலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியை நிறுத்தி ஓட்டிப் பார்த்திருக்கிறார். பின் பிரேக்கைச் சரிபண்ணிக் கொண்டுவந்து காட்டும் வரை இந்த வண்டியை ரோட்டில் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பிரேக்கை மிதித்தால் பின்னாலிருந்து அம்மி கொத்துகிற சத்தம் வரும். முன் பிரேக் எப்போதுமே பேருக்குத்தான். ஒர்க்ஷாப்பில் விட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பார்கள் என்று, இவரே திருச்சிக்குப் போய்ப் புது லைனிங் வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வேலையை ஆரம்பித்தார். எந்த வேலையையும் பிறர் கையில் கொடுக்காத ஜாதி.

ஆரம்பமே சரியாக இல்லை. ஜாக்கியை வைத்துத் தூக்கினால் லாரி எழும்பவில்லை, ஜாக்கிதான் செம்மண்ணுக்குள் இறங்கியது. இடம் மாற்றி வைத்தார். அங்கேயும் இறங்கியது. ஜாக்கியைத் திட்டினார், மண்ணைத் திட்டினார், தண்ணீர் கொண்டுபோன என்னையும் திட்டினார். "நானா மண்ணக் கொழைச்சு வச்சேன்?" என்று கேட்டுவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாமா கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கனத்த பனஞ்சட்டத்தை இழுத்துக்கொண்டு வருகிறார். வேலியோரமாக இல்லை, நேராக லாரிப் பக்கம். ஜாக்கிக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். திரும்பிப் போய்விட்டார். இவர் அந்தச் சட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுத்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்து மறுபடி தூக்கினார். லாரி எழும்பியது. நான் கரண்டியோடு ஜன்னலிலேயே நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஒங்க மாமாகிட்டச் சொல்லு, சட்டம் நல்லா தாங்குதுன்னு" என்றார். சோறு, குளியல், மருந்து தவிர வேறு செய்தி அந்த வீட்டில் அவர்களுக்குள் போனதே இல்லை. நான் ஓடினேன். "மாமா, சட்டம் நல்லா தாங்குதாம்" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் கேட்டு வாங்கி ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

பின்பக்கம் இரட்டைச் சக்கரம். இவர் அதைக் கழற்றி உருட்டி வேலியில் சாய்த்தார். உள்ளே குண்டான் மாதிரி ஒரு இரும்பு டிரம். அது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இழுத்தார். அதற்குள் பிறை மாதிரி ரெண்டு ஷூ, அதன் மேல்தான் லைனிங் இருக்கும். பிரேக்கை மிதித்தால் ஷூ விரிந்து டிரம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். இதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. பழைய லைனிங் தேய்ந்து சிலேட்டுத் தகடாகிக் கிடந்தது. பழைய ரிவெட்டை அடித்து எடுப்பதற்கு அடியில் கொடுக்க அடைகல் வேண்டும் என்று, இஞ்சி இடிக்கிற என் இரும்பு உரலைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். அதில் விழுந்த வடு இன்றைக்கும் இருக்கிறது.

புது லைனிங்கை ரிவெட் அடித்து முடித்ததும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார். மாமா அப்போது குளிக்கப் போயிருந்தார். அப்பளம் பொரித்த கையோடு நான் எட்டிப் பார்த்தேன். "கிட்ட வராத. எண்ணெக் கையோட இதத் தொட்டுராத" என்றார். "தொட்டா என்ன ஆயிரும்?" என்றேன். "எண்ணெ பட்டா பிரேக் புடிக்காது புள்ள. வழுக்கிக்கிட்டுப் போயிரும். வறட்டாத்தான் இருக்கணும்."

அவர்களுக்குள் எத்தனையோ வார்த்தையை நான் சுமந்திருக்கிறேன். வெந்நீர் காய்ந்துவிட்டது என்பதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னிடம் யாரும் கொடுத்து அனுப்பவில்லை. அப்பனும் மகனுமாகப் பேசிக்கொண்டு வேலை பார்க்கிற வீடாக இருந்தால், அது காற்றுவாக்கில் அவர் காதில் விழுந்திருக்கும்.

ரெண்டு பக்கமும் ஷூவை மாட்டி முடித்த பிறகுதான் பிரேக் ஆயில் போதாது என்று தெரிந்தது. "டிரம்மையும் சக்கரத்தையும் வந்து மாட்டிக்கிறேன். கோழியக் கீழியக் கிட்ட விடாத" என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். அங்கே நாலு பேரைப் பார்த்தால் நாலு வார்த்தை பேசாமல் வரமுடியுமா? தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், லாரிக்குப் பின்னால் மாமாவும் எதிர்வீட்டு வண்டிக்காரரும் நிற்கிறார்கள். டிரம், சக்கரம் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மாமா கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"என்ன மாமா இது?" என்றேன்.

"மண்ணு அடிக்குது ஆத்தா. தெறந்து கெடந்தா தூசி போய் அடையும்ல" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு வெட்கம். கையில் கறுப்பு இருந்தது. அந்தக் கையில் என்றைக்குத்தான் கறுப்பு இல்லை? விளக்கெண்ணெய் வாடை அடித்தது. அந்த முற்றத்தில் என்றைக்குத்தான் அடிக்கவில்லை? நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்தார். லாரியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மாமாதாங்க. எதுத்த வீட்டு அண்ணன் கை குடுத்தாரு" என்றேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை. கழற்றிப் பார்ப்பதற்காகவோ என்னவோ ஒரு நட்டில் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டார். பிறகு எடுத்துவிட்டார்.

"நாந்தான உள்ள எல்லாம் தொடச்சு வச்சுட்டுப் போனேன். இப்பக் கழட்டிப் பாத்தா அவரு மனசு என்னமோ மாதிரி ஆயிரும்" என்றார் என்னிடம். அப்புறம் கொட்டில் பக்கம் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே, "இன்னமும் அந்தக் கையில என்ன தெம்பு இருக்கு பாரு" என்றார். இதை நான் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. கொட்டிலுக்குள் மாமா இருமினார். அவருக்கு இருமலே கிடையாது.

பிறகு பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயில் அடைத்திருந்த காற்றை எடுக்க வேண்டும் என்று என்னை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார். நான் பெடலை மிதிக்க வேண்டும், அவர் அடியில் படுத்துக்கொண்டு காற்றை விடுவார். "மிதி... விடு... மிதி." சேலையைச் செருகிக்கொண்டு நான் மிதித்ததைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "நாளைக்கு நாந்தான் ஓட்டப்போறேன், டிக்கெட் வாங்கிக்கங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டில் நான் இருந்ததில்லை. கடைசியில் பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. "அம்புட்டுத்தான், சரியாப் போச்சு" என்றார்.

மறுநாள் காலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன், முகப்பில் குங்குமம் வைத்தேன். ஏறப் போனவர் நின்றார். செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "ஒங்க மாமா வர்றாரான்னு கேளு" என்றார்.

நான் கேட்பதற்குள் மாமா உள்ளே போய்விட்டார். கோபம் வந்துவிட்டதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளுத்த வேஷ்டி கட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "வாரேன்னு சொல்லு ஆத்தா" என்றார். லாரியில் ஏறத் தெரியவில்லை. எங்கே காலை வைப்பது, எதைப் பிடிப்பது என்று தடுமாறினார். இவர் உள்ளிருந்து கையை நீட்டினார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். லாரி தெருவில் இறங்கிப் போனது. ரெண்டு பேருடைய பின்தலையும் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரே மாதிரியான தலை.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாதை சரிவாக இறங்கி, ஊருணிக் கரையில் வளையும். அது குடிதண்ணீர் ஊருணி. ஊரில் யாரும் அதில் கால் கழுவக்கூட மாட்டார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படியில் இறங்க வேண்டும். சத்தம் கேட்டு நான் ஓடினேன். லாரி கரையை ஏறிக் கடந்து, தலைகுப்புற ஊருணிக்குள் நின்றது. ரெண்டு பேரையும் கதவு வழியாக இழுத்து வெளியே விட்டிருந்தார்கள். இவருக்கு நெற்றியில் காயம். மாமாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு, வெளுத்த வேஷ்டியெல்லாம் சேறு. உசுரு இருக்கிறது என்று எனக்கு மூச்சு வந்தது.

இஞ்சினிலிருந்து ஆயில் கசிந்து தண்ணீர் மேல் படர்ந்துகொண்டே போனது. குடத்தோடு வந்த பெண்கள் படியில் இறங்காமல் நின்றார்கள். ஊரே திரண்டுவிட்டது. "ஊரு குடிக்கிற தண்ணியில கொண்டாந்து எறக்கிட்டியேப்பா" என்று ஆளாளுக்கு இவரை வைதார்கள். வையாதவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது வைதலைவிட மோசம். லாரியை வெளியே இழுக்க என்ன வழி? கடைசியில் ஊர் வண்டிக்காரர்கள் தங்கள் மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வடம் கட்டி, ஜோடி ஜோடியாகப் பூட்டி, மாடுகளை வைத்துத்தான் அதை இழுத்தார்கள். மாட்டை விற்று வாங்கிய லாரி. இவர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. துடைக்கக்கூட இல்லை.

"பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி நிக்க மாட்டேங்குதே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கரைக்கு இழுத்ததும், அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், பின்சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை இழுத்தார். உள்ளே கறுப்பாக, வழுவழுவென்று, விளிம்பு வரைக்கும் ஒரு சீராக, வண்டி மை பூசியிருந்தது. புது லைனிங் அதில் ஊறிக் கிடந்தது. விளக்கெண்ணெய் வாடை எல்லார் மூக்கிலும் ஏறியது.

"எவன் செஞ்சான் இத?" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மகனை நேராகப் பார்த்தார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை அவர்தான் பேசினார். "நாந்தாம்ப்பா வச்சேன். சக்கரம் வறட்டாக் கெடந்துச்சு. நீ மறந்துட்டுப் போயிட்டியேன்னு..." குரலில் ஒரு பயமும் இல்லை. தான் என்ன செய்திருக்கிறோம் என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. மகனுக்கு நல்லது செய்த அப்பனாகத்தான் நின்றார்.

இவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கறுப்புக் கையைப் பார்த்தார். "ஒங் கை வெளங்காமப் போக" என்றார்.

சண்டையில் எதிரியைத் திட்டுகிற வார்த்தை அது. பெற்ற தகப்பனை, ஊருக்கு நடுவில். மாமா தன் ரெண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். துண்டில் துடைத்தார். வீட்டைப் பார்க்க நடந்தார். எனக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. புருஷன் நெற்றியில் ரத்தம், மாமா காலில் ரத்தம். கடைசியில் மாமா பின்னால்தான் போனேன்.

லாரி பிறகு சரியாகிவிட்டது. புதுக்கோட்டை ஒர்க்ஷாப்பில் விட்டு எடுத்தார், பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஊருணியைத் தூர்வாரி, அடுத்த மழையில் ஊரும் சமாதானமாகிவிட்டது. இரும்பையும் தண்ணீரையும் சரிபண்ண வழி இருக்கிறது.

மாமா அன்றோடு கையால் ஒரு வேலையும் செய்யவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். சாப்பிடுவார், குளிப்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சாமான் எதையும் தொடமாட்டார். "மாமா, அந்தக் கயித்தக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று சொல்வேன். "வேணாம் ஆத்தா, வெளங்காத கை" என்பார். கோபமாகச் சொன்னால் நானும் கோபப்படலாம். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொல்வார். அமாவாசை வந்தது, போனது. மை காய்ச்சவில்லை. மூங்கில் குழாய் அதே ஆணியில் தொங்கியது. வண்டி அச்சில் துரு ஏறியது, ஆரக்காலில் கரையான் ஏறியது. அவர் அதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "தூக்குங்க மாமா, ஒங்க பேத்திதான" என்று ஒருநாள் அழுதுவிட்டேன். "பச்சப்புள்ள ஆத்தா. இந்தக் கை படப்பிடாது" என்றார். அதைச் சொல்லும்போது இவர் வாசல் நிலையில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் விடவில்லை, பின்னாலேயே போனேன்.

"நாக்குல வந்ததச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்க. அது போதும் அந்த மனுசருக்கு."

"என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றார். "சொன்னத எடுக்க முடியுமா?"

"எடுக்க வேணாம். போய் நில்லுங்க. கூப்புடுங்க."

போனார், அதையும் சொல்ல வேண்டும். மாமா படுத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், தொண்டையைச் செருமினார். மாமா நிமிர்ந்து பார்த்தார். இவர் எதையோ தேட வந்தவர் மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை அப்படிச் செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிடலாம் போலிருக்கும். முன்னாலாவது என் வழியாகப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது. சாப்பிட வரச் சொல்லு என்றுகூட இவர் என்னிடம் சொல்லி அனுப்புவதில்லை. நானாகப் போய்க் கூப்பிடுவேன். வேலை போன தந்தி ஆபீஸ்காரி.

அப்படியே சில வருஷம் போனது. நான் எதற்குப் பயந்தேனோ அது ஒரு மார்கழிக் காலையில் நடந்தது. மாமாவுக்குக் காப்பியைக் கொண்டுபோனேன். ஒருக்களித்துப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை.

சொந்தபந்தமெல்லாம் வந்து சேர்ந்தது. வாசலில் பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைக்க வேண்டும், மகன்தான் முதலில் வைக்க வேண்டும். கிண்ணத்தை நீட்டினார்கள். புறங்கையால் தொட்டு உச்சியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான், எல்லாச் சாவிலும் செய்வதுதான். இவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைப் பக்கம் போகவில்லை. மாமாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். உள்ளங்கையைத் தேய்த்தார், மணிக்கட்டைத் தேய்த்தார். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அது விறைத்துப்போயிருந்தது, விரியவில்லை. அந்தக் கையில் கறுப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. உழைக்காதவர் கை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"தலையில வைப்பா. புறங்கையால வைக்கணும்" என்றார் சொந்தத்தில் ஒருவர். இவர் காதில் விழவில்லை. கையை விடாமல் தேய்த்துக்கொண்டே, தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தேன். பழக்கம், வேறென்ன சொல்ல? என்னைப் பார்த்ததும் அவருக்கு வாய் வந்துவிட்டது.

"ஒங்க மாமாகிட்டச் சொல்லு புள்ள" என்றார்.

எத்தனையோ செய்தி கொண்டுபோனவள் நான். கிட்டே போனேன். மாமாவின் தலைமாட்டில் நின்றேன். அதற்கு மேல் இவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் எதைச் சொல்வதென்று தெரியவில்லை. நேரமாகிறது என்று குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள்.